குப்பை லாரி ரோபோவின் தோள்

அமெரிக்காவிலிருந்து டெலக்ஸ் இயந்திரத்தில் வந்த செய்தித் தாளை வடிவமைப்புப் பிரிவின் தலைவர் சுருமாகி எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். பன்னிரண்டு பொம்மை ரோபோக்களில் பதினொன்று பரிசோதனையில் தேறிவிட்டன. குப்பை லாரி தேறவில்லை. கையைப் பிடித்து இழுத்தபோது தோள்பட்டைக் கம்பி முறிந்து, உடைந்த முனை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றதாம். அதை விட்டுவிட்டு மற்றவற்றை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு. குப்பை லாரி ரோபோவை எந்தப் பிள்ளைங்க கேட்டுச்சு?" என்றான் கினுயோவின் பக்கத்து மேசைக்காரன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கினுயோ சிரிக்கவில்லை. அந்த லாரி அவள் வரைந்தது. பன்னிரண்டில் அவள் கைப்பட்டது அது ஒன்றுதான்.

அது 1983 அக்டோபர். தோக்கியோவின் கிழக்கே, தத்தேய்ஷியில் அந்தப் பொம்மை கம்பெனி இருந்தது. நாலு மடக்கு மடக்கினால் கார் எழுந்து நின்று மனிதனாகும் பொம்மைகளை மூன்று வருடமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் சுமாராகப் போயின. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவற்றைப் பார்த்துவிட்டு, அங்கே புதுப் பெயரும் புதுக் கதையும் வைத்து விற்பதாக முன்வந்திருந்தது. மற்ற ஆட்கள் பந்தயக் கார்களையும் போர் விமானங்களையும் வரைந்தபோது கினுயோ நகராட்சியின் நீலக் குப்பை லாரியை வரைந்தாள். அவள் கணவன் தைஸோ ஓட்டுவது அதைத்தான்.

அவள் எழுந்து சுருமாகியின் மேசைக்குப் போனாள்.

"சார், எனக்குப் பத்து நாள் குடுங்க."

"எதுக்கு?"

"தோளைச் சரி பண்றதுக்கு."

"கினுயோ சான், அவங்களே வேண்டாம்னுட்டாங்க. விடுங்களேன்."

"வேண்டாம்னு சொல்லலை சார். உடையுதுன்னுதான் சொல்லியிருக்காங்க. உடையாமப் பண்ணிட்டா?"

சுருமாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமெரிக்கக் கம்பெனியின் பரிசோதகர் ஹாலோவே மற்ற பொம்மைகளைக் கடைசியாகப் பார்க்க அடுத்த வாரக் கடைசியில் நேரில் வருவதாக இருந்தது. "அவர் வர்ற அன்னிக்குக் காலையில மேசை மேல இருக்கணும். இல்லேன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"இருக்கும்."

முதலில் அவள் எவருக்கும் தோன்றுகிற வழியைத்தான் செய்து பார்த்தாள். கம்பியைத் தடிமனாக்கினாள். கம்பி உடையவில்லை, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிளந்துகொண்டது. பிளாஸ்டிக்கைத் தடிமனாக்கினாள். கை மடங்கவில்லை, லாரி லாரியாகவே நின்றது. நாலு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, பெட்டியில் எட்டு மாதிரிகளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பாலர் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியை அவளுக்குத் தெரிந்தவள்.

"என்னம்மா, விளையாடக் கொண்டுவந்தியா?"

"உடைக்கக் கொண்டுவந்தேன். இந்தப் பிள்ளைங்களை விட நல்லா உடைக்கிற ஆளுங்க எங்க கம்பெனியில இல்லை. கூர் முனை எதுவும் இல்லாம ராவியிருக்கேன், நானும் பக்கத்துலயே இருக்கேன்."

பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுவதை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு பிள்ளையும் பொம்மையை உடம்பைப் பிடித்துத் தூக்கவில்லை. எல்லாரும் கையைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். சண்டை வந்தால் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து போயிற்று.

மிஹோ என்ற நாலு வயதுக்காரியிடம் ஒன்றின் கை தனியாகக் கழன்று வந்துவிட்டது. அவள் அழவில்லை. சட்டென்று உட்கார்ந்து, கழன்ற கையைத் தோளில் வைத்து அழுத்தினாள். விழுந்தது. திரும்ப அழுத்தினாள். விழுந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை செய்தாள். பிறகுதான் உதடு பிதுங்கி அழுகை வந்தது.

"அத்தை, இது போக மாட்டேங்குது!"

கினுயோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழன்றதற்கு இந்தப் பெண் அழவில்லையே. திரும்பப் போகவில்லை என்றுதானே அழுகிறாள்!

கம்பெனிக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பியவள் சுருமாகியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். "சார், கை உடையக் கூடாதுன்னு பாடுபட்டேன். அது தப்பு. கை கழலணும். கழன்றதை அமுக்கினா திரும்ப மாட்டிக்கணும்."

"கை கழலற பொம்மையா? மட்டமான சரக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"பாத்துட்டு அனுப்பட்டும்."

கம்பிக்குப் பதில் கையின் நுனியில் ஒரு உருண்டை. தோளில் அது உட்காரும் குழி. சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. குழி இறுக்கமாக இருந்தால் விளிம்பு விரிந்து வெடித்தது. தளர்வாக இருந்தால் கை குடிகாரன் கை மாதிரித் தொங்கியது. கையால் கடைந்தே பதினேழு குழிகள் செய்தாள். பதினெட்டாவதில் குழியின் விளிம்பில் மெல்லிய பிளவு ஒன்று அறுத்தாள். உருண்டை நுழையும்போது விளிம்பு விரிந்து கொடுத்தது; நுழைந்ததும் கவ்விக்கொண்டது. 'டொக்' என்று ஒரு சத்தம். அவள் கழற்றினாள், மாட்டினாள். திரும்பக் கழற்றினாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இனி பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு. இரும்பு அச்சு வெட்டும் குவானாவின் பட்டறை ஆற்றோரம் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"இரும்பை வெட்டிட்டா ஒட்ட முடியாதும்மா. உன் கணக்கு ஒரு மயிரிழை தப்பினாலும் இந்த அச்சு காயலான் கடைக்குத்தான். தெரியுமில்ல?"

"தெரியும். வெட்டுங்க."

"உங்க தலைவர் கையெழுத்து?"

அவள் அங்கிருந்தே போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். சுருமாகி, "குவானா கிட்டக் குடுங்க," என்றார். குவானா கேட்டுக்கொண்டு, "சரி, சரி," என்று வைத்தார். "வெட்டச் சொல்றார். குரல்தான் சுகமில்லை," என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் தைஸோ நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "என் லாரிக்காக ஏன் இந்தப் பாடு? வேற ஒண்ணு வரையக் கூடாதா?"

"என்னங்க, உங்க லாரிக்காக இல்லை. சரியா வரைஞ்சிருந்தா முதல் தடவையே தேறியிருக்கும். தப்பு என்னுது. அதோட விட்டுட்டு வர முடியாது."

தைஸோ தன் கிண்ணத்திலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான்.

ஹாலோவே வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு மேசை மேல் நீல லாரி இருந்தது. அவர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். லாரியைக் கீழே போட்டார். மறுபடி போட்டார். பிறகு தராசுக் கொக்கியை ரோபோவின் கையில் மாட்டி இழுத்தார். 'டொக்' என்று கை கழன்று மேசையில் உருண்டது. சுருமாகி தரையைப் பார்த்தார்.

ஹாலோவே கழன்ற தோளில் விரலை ஓட்டினார். கூர் எதுவும் இல்லை. பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடிய பாகங்களைக் கண்டுபிடிக்கிற குழாய் அது. கையை அதற்குள் போட்டார். கை விளிம்பிலேயே தங்கியது. லாரியின் கதவைக் கையோடு சேர்த்தே வரைந்திருந்தாள் கினுயோ. அந்த அகலத்துக்கு அது எந்தக் குழாயிலும் இறங்காது.

"ஆனால் இது கழன்றுவிட்டதே," என்று அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

கினுயோ எழுந்தாள். கழன்ற கையை எடுத்து, தோளில் வைத்து அமுக்கினாள். பிறகு பொம்மையை அவரிடமே நீட்டினாள். ஹாலோவே கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மூன்றாவது தடவை மாட்டும்போது அவர் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பன்னிரண்டும் போகட்டும்," என்றார்.

அடுத்த கோடையில் அமெரிக்கப் பெட்டி ஒன்று கம்பெனிக்கு வந்தது. லாரிக்குக் கடுகடுப்பான ஒரு அந்நியப் பெயர் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கிரகத்திலிருந்து வந்த போர்வீரன் என்று கதை எழுதியிருந்தார்கள். நீலம் பச்சையாகியிருந்தது. கினுயோவின் பெயர் எங்கும் இல்லை. அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை இழுத்துப் பார்த்தாள். சரியாகக் கழன்றது, சரியாக மாட்டியது. போதும் என்று வைத்துவிட்டாள்.

சுருமாகி அவள் மேசைக்கு வந்து நின்றார். "அவங்க இன்னும் எட்டு கேக்கறாங்க. மூணு உங்களுக்கு. முடியுமா?"

"முடியும் சார். ஆனா ஒண்ணு. பரிசோதனை நடக்கும்போது நானும் அந்த அறையில இருக்கணும். டெலக்ஸ்ல படிச்சுத் தெரிஞ்சுக்க மாட்டேன்."

"சரி," என்றார் சுருமாகி.

அவள் புதுத் தாளை எடுத்துப் பலகையில் குத்தினாள்.