நீளக் குழல்

துப்பாக்கி செய்யும் வால்ட்ராவுட்டின் பட்டறையில் கையில் தூக்கிப் பார்ப்பதற்கென்றே மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மூன்றிலும் ஒரே கட்டை, ஒரே பூட்டு. குழல் மட்டும் வேறுவேறு நீளம். ஹெர்மினா குட்டையானதை எடுத்துத் தோளில் பதித்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேவாலயக் கோபுரத்து உச்சியில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவலைக் குறிபார்த்தாள். இறக்கினாள். மறுபடியும் ஏற்றினாள். ஐம்பது வயதில் அவள் முகத்தில் இப்படி ஒரு பள்ளிக்கூடத்துச் சிரிப்பு வரும் என்று ஆல்பின் நினைத்ததில்லை. தகடு வைத்துத் தைத்த முழங்காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் பிறந்தநாளுக்குத் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று சொன்னவன் அவன்தான்.

"இதுதான் எனக்கு," என்றாள். "அம்பத்திரண்டு சென்டிமீட்டர். இதுக்கு மேல ஒரு விரக்கட கூடாதுன்னு ரூப்பர்ட் சொன்னான். பாறை இடுக்குல பூந்து போறப்ப இடிக்குமாம்."

சொன்னான். போன வருஷம் வரைக்கும் ரூப்பர்ட் அவளுக்கு 'அவர்'. மலையின் மேல்பாதி முழுவதற்கும் பொறுப்பான வேட்டைக் காவலர், மனைவியை இழந்தவர். வேட்டைத் தேர்வுக்கு அவளோடு படித்த பன்னிரண்டு பேருக்கும் பாடம் சொன்னவர். எந்த மாதத்தில் 'அவர்' போய் 'அவன்' வந்தான் என்று ஆல்பினுக்குத் தெரியவில்லை. குளிக்கும்போதுகூட அதை யோசித்திருக்கிறான்.

வால்ட்ராவுட் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மேசைமேல் போட்டாள். "ரூப்பர்ட்டுக்கு என்ன, அவன் மலையாடு மாதிரி ஏறுவான். இங்க பாரு அம்மணி, இது ஒத்தத் தோட்டா. அடுத்த தோட்டாவ இழுத்துத் தள்ற சாமானே இதுல கிடையாது. அதனால பின்பக்கம் அரைச் சாண் மிச்சம். மத்த துப்பாக்கில அம்பத்திரண்டு வச்சா எவ்வளவு நீளம் வருமோ, இதுல அறுபத்தஞ்சு வச்சாலும் ஏறக்கொறைய அவ்வளவுதான் வரும்."

"கனம்?"

"அங்கதான் இருக்கு விஷயம். ஒல்லியா குட்டையா எடுத்தா ரெண்டரைக் கிலோ. தடிமனா நீளமா எடுத்தா, தொலைநோக்கியெல்லாம் மாட்டி, நாலு கிலோவத் தொட்டுரும். தூக்கிட்டு நடக்க ஒண்ணு நல்லது, நின்னு சுட இன்னொண்ணு நல்லது. ரெண்டையும் ஒண்ணுல அடைக்க எனக்குத் தெரியாது, தெரியும்னு சொல்றவன நம்பாத."

"அப்பக் குட்டைதான். என் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்காம். வார் வழுக்கி வழுக்கி விழுது. கனமா எடுத்தா நாள் பூரா அதத் தூக்கி விடுறதுலயே போயிரும்னு சொன்னான்."

ஆல்பின் அவள் தோள்களைப் பார்த்தான். உண்மைதான். இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. இருபத்துச் சொச்சம் வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன் அதைப் பார்த்ததில்லை. இறக்கத்தில் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தவன் பார்த்திருக்கிறான். எவ்வளவு நேரம் பார்த்தால் அது கண்ணில் படும்? ஆல்பினுக்குக் காது மடல் சூடேறியது. வால்ட்ராவுட் குட்டைக் குழலையே எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஹெர்மினாதான் வண்டி ஓட்டினாள், மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு.

அடுத்த வாரம் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு அவன் தனியாகப் பட்டறைக்குப் போனான்.

"மாத்திக்கலாம்," என்றான். "அறுபத்தஞ்சு. தடிமனான குழல். கட்டைக்கு இருக்குறதுலயே கனமான வால்நட் மரம்."

வால்ட்ராவுட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அவ கேட்டாளா, நீ கேக்குறியா?"

"பரிசு என்னோடது."

"தோளு அவளோடது."

"அவளுக்குக் கை ஆடும். கனமா இருந்தா நிதானமா நிக்கும். நீயே அன்னைக்குச் சொல்லலியா?"

"சொன்னேன். உண்மையும் அதுதான்." அவள் பழைய எழுத்தை அடித்தாள். "ஆனா நீ அதுக்காக வரலன்னு நெனைக்கிறேன். எனக்கு என்னத்துக்கு வம்பு."

அவன் எதற்காக வந்தான் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். நாலு கிலோவை அந்தச் செங்குத்தில் ஒரு தடவை சுமப்பாள். மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. அப்புறம், நம்ம புல்வெளி ஓரத்து மரமேடையிலேயே உக்காந்துக்கலாமே என்பாள். அந்த மேடையில் ஏழு படி. அவன் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கும். இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மான் வரக் காத்திருக்கலாம். அவன் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மரலாரி ஓட்டிய காலத்தில் பாரத்தை எங்கே வைத்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கு அத்துப்படி.

செப்டம்பரில் துப்பாக்கி வந்தது. பெட்டியைத் திறந்து எடுத்தவுடன் அவள் கை ஒரு கணம் தாழ்ந்தது. "கனமா இருக்கே, ஆல்பின்."

"நிதானமா நிக்கும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அவன் தயாரானான். அவள் கேட்கவில்லை. வால்நட் கட்டையின் ரேகைகளைத் தடவிவிட்டு, "அழகா இருக்கு," என்று அவன் நெற்றியில் முத்தமிட்டாள்.

முதல் தடவை ரூப்பர்ட்டோடு மலைக்குப் போய் வந்தபோது அவளால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. இடது தோளில் வார் பதிந்து செக்கச்செவேலென்று ஒரு பட்டை. ஆல்பின் பாலாடைக் கொழுக்கட்டையை வெண்ணெய் ஊற்றிச் சூடாக்கி வைத்திருந்தான். தோளுக்குக் களிம்பு தடவிவிட்டான். இவ்வளவு சந்தோஷமாக அவன் அவளுக்குப் பணிவிடை செய்து வெகுநாளாயிற்று. "அடுத்த வாரம் நம்ம மேடைல உக்காருவமா?" என்றான்.

"இல்ல, போறேன்," என்றாள் வாய் நிறைய. "பழகிரும்."

இரண்டாம் தடவையும் போனாள். வாரில் ஆட்டுத்தோல் சுற்றியிருந்தது. யார் சுற்றிக் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை. தையலைப் பார்த்தான், சின்னச் சின்னதாக, நெருக்கமாக, பொறுமையாகப் போட்ட தையல். மனைவியை இழந்த ஆண்பிள்ளை இப்படித்தான் தைக்கக் கற்றுக்கொள்வான்.

மூன்றாம் தடவை மதியத்துக்கு முன்பே ஜீப் சத்தம் கேட்டது. ஹெர்மினா முன்னிருக்கையிலிருந்து குதித்தாள். தொப்பியின் வலப்பக்கம் ஒரு பைன் கிளை செருகியிருந்தது. சுட்டவரை வாழ்த்தி, கூட இருந்தவர் தன் தொப்பியில் வைத்து நீட்டும் கிளை, அது வேட்டைக்காரர் வழக்கம். கிளையை நீட்டிய தொப்பியும், வாழ்த்திக் குலுக்கிய கையும் யாருடையது என்று ஆல்பின் கேட்க வேண்டியதில்லை. ஜீப்பின் பின்னால் ஒரு கிழட்டுப் பெண் மலையாடு கிடந்தது.

"ஒரே தோட்டா!" என்று அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வியர்வையும் புகையும் பைன் பிசினும் மணத்தன.

ரூப்பர்ட் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். ஆல்பின் மூன்று சின்னக் கோப்பைகளில் பழச்சாராயம் ஊற்றினான். மேசையில் கொஞ்சம் சிந்தியது.

"ஒண்ணு சொல்லணும், ஆல்பின்," என்றான் ரூப்பர்ட். "அந்தக் குழல மொதல்ல பாத்தப்ப உங்க மேல எனக்கு ஆத்திரமா வந்துச்சு. நான் சொன்னது வேற, நீங்க வாங்கிக் குடுத்தது வேற. மனுசனுக்குக் கிறுக்கான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னைக்குக் காலைல. கடைசி ஏத்தம் ஏறி முடிச்சு மூச்சு வாங்குது. அந்தப் பக்கம் ஆடு நிக்குது, எந்த நேரமும் ஓடிரும். என் துப்பாக்கிய நீட்டிப் பாத்தேன், முனை காத்துல ஆடுற கிளை மாதிரி ஆடுது. இவளோடது கல்லுல நட்டு வச்ச மாதிரி நிக்குது. அந்தக் கனம் முன்பக்கம் இருக்குல்ல, அது பிடிச்சு நிறுத்துது. இவ மூச்ச விட்டு, ரெண்டாவது மூச்சு பாதில நிறுத்துவா, எப்பவும் அப்படித்தான். அந்த எடத்துல அமுக்கினா. முடிஞ்சுது." கோப்பையைத் தூக்கினான். "உங்க சம்சாரத்த எங்க எல்லாரையும் விட நீங்க தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

ஹெர்மினா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி ஆல்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன் தெரியுமா," என்றாள். "நான் மேல போகக் கூடாதுன்னுதான் இவ்வளவு கனமா வாங்கிட்டன்னு. ரெண்டு வாரமா மனசுக்குள்ள உன்னத் திட்டிக்கிட்டே ஏறினேன்."

அவன் கோப்பையை மேசையில் வைத்தான். இப்போது சொல்லிவிடலாம். நீ நினைத்தது சரிதான் என்று ஒரே வாக்கியம். அவள் கை சூடாக இருந்தது. அந்தக் கையை அவன் இழக்க விரும்பவில்லை. "சேச்சே," என்றான். ஆனால் உள்ளே வேறொன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது. ரெண்டாவது மூச்சு பாதில. எப்பவும் அப்படித்தான். எத்தனை காலை வேளை பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தால் ஒருத்தியின் மூச்சு இப்படி மனப்பாடமாகும்?

"இனிமே எல்லைக் கல் வரைக்கும் போலாம்னு ரூப்பர்ட் சொல்றான்," என்றாள் அவள். "அங்க குடிசை இருக்காம். ஒரு ராத்திரி தங்கிட்டுத்தான் வரணும்."

"பனி விழறதுக்குள்ள," என்றான் ரூப்பர்ட், யாரையும் பார்க்காமல்.

"போயிட்டு வா," என்று ஆல்பின் சொன்னது அவனுக்கே கேட்டது.

அவர்கள் ஆட்டை விறகுக் கொட்டகைக் கொக்கியில் தொங்கவிடப் போனார்கள். துப்பாக்கியைச் சுத்தம் செய்கிறேன் என்று அவன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். மேசைமேல் துணி விரித்து, துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்தான். எண்ணெய் தோய்த்த துணியைக் கயிற்றில் கட்டி நீளக் குழலுக்குள் விட்டு இழுத்தான், கரி வந்தது. மறுபடியும் இழுத்தான். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தான். பிறகு உள்ளே பளபளப்பு வந்துவிட்டதா என்று பார்க்க, குழலை ஜன்னல் பக்கம் உயர்த்தி ஒரு கண்ணை மூடினான்.

சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடும் இரும்புச் சுரங்கம். அதன் கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளிச்சம். அதற்குள் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. குட்டைக் குழலாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது, அவளுடையது முதலில், பிறகு ரூப்பர்ட்டுடையது. வட்டத்துக்குள் பச்சைக் கம்பளித் துணி ஒன்று வந்து நின்றது. இரண்டு பேரும் அதே பச்சையில்தான் சட்டை போட்டிருந்தார்கள், இது யாருடையது என்று தெரியவில்லை. அந்தப் பச்சைமேல் ஒரு கை வந்து படிந்தது, ஆட்டின் ரோமமா ரத்தமா எதையோ துடைப்பதுபோல. ஆல்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழலை ஆடாமல் நிறுத்தினான். கனமாக இருந்ததால் அது நன்றாகவே நின்றது. கை விலகியது. பச்சையும் விலகியது. வெறும் வெள்ளைச் சுவர். அவன் கண்ணை எடுக்கவில்லை.