துண்டு கட்டிய எலக்ட்ரீஷியன்

தையல்காரிக்கு அந்தக் கட்டடத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் கொஞ்ச நாளாக எல்லோரும் அவள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர், "தம்பிக்கு எப்படிக்கா ஊட்டுறீங்க?" என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். மேல்மாடி எலக்ட்ரீஷியன் கதவு திறந்திருந்தால் போதும், எட்டிப் பார்த்தான். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது இந்த அக்கறை?

தம்பி வளர்ந்த ஆள்தான். ஆனால் கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. ஏதாவது வேண்டுமென்றால் முழங்கையால் சுவரில் தட்டுவான். அது அக்காவுக்கு மட்டும்தான் புரியும். அம்மா போனபின் அவனுக்கு எல்லாமே அவள்தான். அவளுக்கோ வயிற்றில் கட்டி. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இதை டீச்சரிடம் ஏன் உளறினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் மாடிப்படியில் டீச்சரின் குரல் கேட்டது: "இப்படியே விட முடியாது. அவங்களுக்குத் தெரியாமதான் செய்யணும்."

காப்பகம்! அவள் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய் ஏதோ காப்பகத்தில் தள்ளிவிடப் போகிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குள் குசுகுசுவென்று பேச்சு. தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் எலக்ட்ரீஷியன். இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய பெல்ட், கழுத்தில் துண்டு, மீசையெல்லாம் கஞ்சி. எதிரே டீச்சர், கையில் ஸ்பூன்.

"என்ன கூத்து இது?"

"இன்னிக்கு நான்தான் தம்பி, அக்கா," என்றான் அவன், கத்தரிக்கோலைப் பார்த்தபடி. "நேத்து டீச்சர்தான் தம்பியா இருந்தாங்க."

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கப்போ யாராவது பாக்கணும்ல?" என்றாள் டீச்சர். "கேட்டா முகத்துல அடிச்ச மாதிரி வேண்டாம்பீங்க. அதான் முதல்ல கத்துக்கிட்டு, அப்புறம் வந்து கேக்கலாம்னு."

"நல்லா நடிக்கிறீங்க," என்றாள் தையல்காரி.

டீச்சர் அவனுக்கு அடுத்த ஸ்பூனை ஊட்டினாள். அவன் அண்ணாந்து வாங்கி இருமினான்.

"ஐயோ, அண்ணாந்தா புரை ஏறும்! முகவாய் கீழ இருக்கணும்!" தையல்காரி தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

அப்போது சுவரில் சத்தம். டொக், டொக்.

"ரெண்டு தட்டு," என்றாள் டீச்சர் மெதுவாக. "தண்ணி கேக்கிறான்."

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்கத்தில் வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, எலக்ட்ரீஷியனின் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள்.

"நீ போய்க் குடு. முதல்ல மீசையைத் துடை, பயந்துடுவான்," என்றாள். "கதவை மட்டும் சாத்தாதே. நான் இங்கேருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்."