நாலெழுத்துக்காரிகள்

மேதாவி என்றுதான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அவர் காதுபட மட்டும் 'சார்'. மின்னஞ்சல் மென்பொருள் செய்யும் அந்தக் கம்பெனிக்குத் தலைமை நிரலாளர். அவர் எழுதியதில் பிழை என்று யாராவது சொல்லிவிட்டால், சொன்னவரின் மூளையில்தான் பிழை.

மென்பொருளில் பிழை தேடுவதே வேலையான சோதனைக்காரி ஒரு வருடம் முன்பே புகார் எழுதிக் கொடுத்தாள். இணைப்பாக வரும் கோப்புக்குத் தமிழில் பெயர் இருந்தால், சேமிக்கும்போது பெயரை அழித்து எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறது. நாலெழுத்துப் பெயருக்கு நாலு கோடு. அடுத்து இன்னொரு நாலெழுத்துக் கோப்பு வந்தால், முதலில் வந்ததை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

"இங்கிலீஷ்ல பேர் வைக்க வேண்டியதுதானேம்மா? வேற வேலை இல்லையா உனக்கு?" என்று சொல்லி, அந்தப் புகாரை 'பிழை அல்ல' எனப் போட்டு மூடினார். மூன்று முறை திறந்தாள், மூன்று முறையும் மூடினார். குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்! இந்த ஆளைத் திட்டித் திட்டியே அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

ஒருநாள் மாலை நாலு மணிக்கு அக்கா ஃபோன் செய்தாள். அக்கா நர்ஸ். வேலை ஓர் ஊரில், கணவனும் நாலு வயது மகளும் வேறு ஊரில். வீடியோவில் பார்த்தால் குழந்தை அவளை 'ஆன்ட்டி' என்கிறது. இடமாறுதலுக்கு விண்ணப்பிக்க அன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"போன வாரமே அனுப்பிட்டேன்டி. வரவே இல்லைங்கறாங்க!"

"ஃபைலுக்கு என்ன பேர் வச்ச?"

"என் பேர்தான், தமிழ்ல. எல்லாரும் அப்படித்தான் அனுப்பினோம். பதினெட்டுப் பேர்."

விண்ணப்பங்கள் போய்ச் சேரும் தலைமை அலுவலகம் மேதாவியின் மென்பொருளைத்தான் வைத்திருந்தது. மூன்றெழுத்து, நாலெழுத்து, ஐந்தெழுத்து என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினெட்டில் மூன்றோ நாலோதான் மிஞ்சியிருக்கும்.

"இங்கிலீஷ்ல பேர் மாத்தி உடனே அனுப்பு. மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இருக்கறது ஒரே ஒரு இடம்டி," என்றாள் அக்கா. "நமக்கு எதுக்கு ஊர் வம்பு?"

அந்த அலுவலகத்தின் எண் சோதனைக்காரியின் மேஜையிலேயே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி ஆயிற்று. ரிசீவரை அவள் எடுக்கவில்லை.

இடம் அக்காவுக்கே கிடைத்தது. போன முதல் வாரமே குழந்தை அவளை 'அம்மா' என்று கூப்பிட்டதாம். அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள். இவளும் அழுதாள்.

மறுநாள் மனசு கேட்காமல் நாலாவது முறையாகப் புகாரைத் திறந்தாள். மேதாவி அறைக்கே கேட்கும்படி சிரித்தார்.

"மறுபடியுமா? ஒரு வருஷத்துல யாருக்காவது இதனால நஷ்டம் வந்திருக்கா? ஒருத்தர்? ஒரே ஒருத்தரைக் காட்டு, இன்னிக்கே சரி பண்றேன்."

அக்காவை விட்டுவிட்டாலும் பதின்மூன்று பேரையாவது காட்டலாம். காட்டினால் அக்காவின் இடம் போய்விடும்.

"யாரும் இல்லை சார்."

அவர் மூடினார். ஒரு வருடமாக அந்த முகத்தில் காறித் துப்பச் சேர்த்து வைத்திருந்த எச்சிலை, சோதனைக்காரி அங்கேயே நின்று விழுங்கினாள்.