நடுக் கம்பளத்தில் உட்கார்ந்தவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கடைசி யுத்தம் முடிந்த வருஷம், இராக்கில், நாசிரியாவில் எங்கள் சந்துக்குள் ஐந்தாறு வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்து, இங்கே பெரியவர் யார் என்று கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். விடிந்தால் அடைந்தால் பஞ்சாயத்து பேசுகிற சந்து அது. அன்றைக்கு மட்டும் பெரியவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. சிப்பாய்கள் போய்விட்டார்கள். நான் இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதை நேராக எழுத எனக்குத் தைரியமில்லை. அதனால் நூறு வருஷம் பின்னால் ஓடி ஒளிந்துகொள்கிறேன். அங்கேயும் ஒரு யுத்தம் முடிந்திருக்கிறது. துருக்கிக்காரன் போய் ஆங்கிலேயன் வந்திருக்கிறான். பிடித்த நாட்டை எப்படி ஆளுவது என்று கூடாரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறான்.

2

முதல் தொடக்கம்: "யூப்ரடீஸ் நதியின் மேல் அந்திச் சூரியன் தங்கத்தை உருக்கி —"

வேண்டாம். பயந்து கிடக்கிறவன் எங்கே சூரியனைப் பார்க்கிறான்?

இரண்டாவது: "நிலத்தை வெல்வது எளிது. வென்றபின் அதில் வாழும் மனிதர்களை —"

இது கட்டுரை. பாதியில் தூங்கிவிடுவீர்கள்.

மூன்றாவது: "விருந்து மண்டபத்தில் நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்."

சரி, இது நிற்கட்டும்.

3

ஆற்றங்கரையில் நாணலால் கட்டிய மண்டபம். ஊர்த்தலைவர், எங்கள் பேச்சில் ஷேக், சாசிப். வீட்டுக்காரர் என்பதால் அவர் வாசற்பக்கம், செருப்புகளுக்கு அருகே, காப்பிக் கெண்டியோடு உட்கார்ந்திருக்கிறார். நடுவே, இருப்பதிலேயே நல்ல கம்பளத்தில், அன்று காலை வந்த விருந்தாளி ரீசான். வேற்றூர்க்காரன். அவன் அண்ணன் செய்த கொலைக்குப் பழி தீர்க்க இவனை ஆட்கள் தேடுகிறார்கள். அடைக்கலம் என்று வந்தவனுக்கு மூன்று நாள் சோறும் காவலும் உண்டு. அதற்குள் அவன்மேல் ஒரு கீறல் விழுந்தாலும், சாசிபின் வம்சமே வெளியில் தலைகாட்ட முடியாது.

ஆங்கிலேயக் கேப்டன் ஹாலம் உள்ளே வந்தான். கூடவே மொழிபெயர்ப்பாளர் நவூம், மோசூல்காரர். உங்கள் ஷேக் யார் என்று ஹாலம் கேட்டான்.

யாரும் பேசவில்லை. போன மாதம் மேற்கே ஓர் ஊரில் இதே கேள்விக்கு "நான்தான்" என்று எழுந்தவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. சாசிப் வாயைத் திறந்தார். (இங்கே "சாசிப் கோழை" என்று எழுதினேன், அடித்தேன். "சாசிப் சிங்கம்" என்று எழுதினேன், எனக்கே சிரிப்பு வந்தது. அதையும் அடித்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.)

ஹாலம் சுற்றிலும் பார்த்தான். நல்ல இடத்தில் உட்காருகிறவன்தான் வீட்டுக்குப் பெரியவன் என்பது அவன் ஊர்க் கணக்கு போலிருக்கிறது. நேரே போய், தலைமைக்கு அடையாளமாக ரீசானின் தோளில் ஒரு கறுப்பு அங்கியைப் போர்த்தினான். வரி பாக்கி விழுந்தாலும், துப்பாக்கி ஒளித்துவைத்தாலும், தந்திக் கம்பியில் யாராவது கை வைத்தாலும் இனி இவர்தான் பொறுப்பு; ஊர் அடங்காவிட்டால் விமானம் வந்து குண்டு போடும் என்றான். நவூம் குனிந்த தலை நிமிராமல் அதைச் சொல்லி முடித்தார்.*

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாற்பது பேரும் மூச்சுவிட்டார்கள். ரீசானுக்கு மட்டும் மூச்சு வரவில்லை.

* நவூமுக்கு எங்கள் வழக்கம் தெரியும். வீட்டுக்காரர் வாசலில்தான் இருப்பார் என்பதும் தெரியும். பின் ஏன் சொல்லவில்லை? சிப்பாய்கள் முன்னால் கேப்டனைத் திருத்தியதற்குத்தான் முந்தைய மொழிபெயர்ப்பாளருக்கு வேலை போயிற்று. நவூமுக்கு மோசூலில் நான்கு பெண் குழந்தைகள். அவரைத் திட்டாதீர்கள்.

5

(நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் ரீசானுக்கு ஒரு காதலி இருந்தாள். உயிர் போகிற நேரத்தில் காதலி என்ன வேண்டிக்கிடக்கிறது?)

மறுநாள் காலை நவூம் மனம் கேட்காமல் ஹாலமிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஹாலம் பேயறைந்தவன் மாதிரி ஆகி, மேலதிகாரி கர்னல் வெயரின் கூடாரத்துக்கு ஓடினான். அங்கே பேசியதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. நானே கட்டியது. கர்னலுக்கு முதலில் முறுக்கு மீசையும் உருட்டு விழியும் வைத்தேன். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டேன். நிதானமான மனுஷன். ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறான். அப்படி வைத்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

"ஆள் மாறிப்போச்சு, சார். அவன் ஷேக் இல்ல. விருந்துக்கு வந்தவனாம்."

"பேரு மேலே போயிடுச்சா?"

"நேத்தே தந்தி அடிச்சிட்டேன்."

"அப்ப அவன்தான் ஷேக்."

"அவன் சொன்னா ஊர்ல ஒருத்தன் கேக்க மாட்டானே, சார்."

"கேக்க வேணாம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு நம்மகிட்ட எழுபது அதிகாரிங்கதான் இருக்காங்க. ஊருக்கு ஒரு தலைவனத் தேடிக்கிட்டு இருக்க முடியாது. ஊருக்கு ஒரு கழுத்து போதும். எவன் கழுத்தா இருந்தா என்ன?"

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.)

6

அன்று மாலை தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். யார் என்று என்னைக் கேட்காதீர்கள். ரீசானைத் தேடுகிறவர்களாக இருக்கலாம். துப்பாக்கியைக் கொடுக்க மனமில்லாத சாசிபின் ஆட்களாகவும் இருக்கலாம். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது சுத்தப் பொய்.

ரீசான் ஓடிப்போகலாமே என்பீர்கள். ஓடினால் "ஷேக் தப்பிவிட்டான்" என்று ஊர்மேல் குண்டு விழும். ஊர் எல்லையில் பழிகாரர்கள் வேறு காத்திருக்கிறார்கள். புலிவாலைப் பிடித்த கதைதான், அதிலும் வாலை இவன் பிடிக்கவில்லை, பிடிக்கக் கொடுத்தார்கள்.

சாசிபுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய அக்கா ஹஸ்னா அடுப்பில் ரொட்டியை அறைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"உன் வீட்டு ரொட்டியத் தின்னவன் உனக்குப் பதிலாச் சாகப் போறான். நீ காப்பி ஊத்திக்கிட்டு உக்காந்திரு."

"நான் போய்ச் சொன்னா என்னைத் தூக்கிருவான்க்கா."

"தூக்கத்தான் செய்வான். பின்ன எதுக்குடா உன்ன ஷேக்குன்னு கூப்பிடுறாங்க? நல்ல கறித்துண்டு எடுத்துத் திங்கவா?"

அடுத்த ரொட்டியை அக்கா அடுப்பில் அறையாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தம்பியைச் சாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

7

அடைக்கலக் கெடு முடிகிற காலை. மேலே விமானம் வட்டமிடுகிறது. அறுந்த கம்பிக்குப் பொறுப்பானவனைப் பிடித்துப்போக, படகுத்துறையில் ஹாலமும் சிப்பாய்களும் இறங்கி நடந்து வருகிறார்கள். மண்டபத்தில் அதே நாற்பது பேர்.

ரீசான் அங்கியைக் கழற்றி மடித்துவைத்தான்.

"அண்ணே, மூணு நாள் முடிஞ்சுது. இனிமே நான் உங்க விருந்தாளி இல்ல. என்னைக் கை காட்டுறதா இருந்தா காட்டிருங்க. உங்க மேல குத்தமில்ல."

சாசிப் கெண்டியை எடுத்து ஒரு கோப்பை ஊற்றினார். பாதி கம்பளத்தில் சிந்தியது. மீதியை நீட்டினார்.

"இன்னொரு வாய் குடி, தம்பி."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக: அவன் அதைக் குடித்தால் மறுபடியும் விருந்தாளி. பிறகு அவனைத் தொட வருகிறவன் சாசிபைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் எழுந்து "ஷேக் நான்தான்" என்று சொல்லியாக வேண்டும். ஹாலமுக்கு எந்தக் கழுத்தானாலும் சரி.

முடிவு அ: ரீசான் வாங்கிக் குடிக்கிறான். சாசிப் படகில் போகிறார். ஹஸ்னா அதன்பின் —

முடிவு ஆ: ரீசான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுகிறான். அவனைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சாசிப் எண்பது வயது வரை இருக்கிறார். அவர் கையால் காப்பி வாங்க —

முடிவு இ: ஹாலம் மனம் திரும்பி மன்னிப்பு — போங்கள், இதை நான் எழுதினால் என் கையே என்னை அடிக்கும்.

என்னால் ஆகவில்லை. எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் ஒருவன் சாகிறான். ஆகவே நாற்பது பேருக்கு நடுவில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன், உட்காருங்கள். சும்மா இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். யாருமே பேசாவிட்டால் ஹாலம் வெளியே போய், வானத்தைப் பார்த்துக் கையசைப்பான். வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவன் வாசலுக்கு வந்துவிட்டான். கோப்பை இன்னும் நீட்டியபடி இருக்கிறது. ரீசான் சாசிபைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறான்:

"வாங்கிக்கட்டுமா?"