அழுகண்ணிக்கு மழைத்தண்ணீர்

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான் மகன். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவரைக் கட்டிலுக்கு மாற்றியாயிற்று. வலது கை மட்டும் மூடியே இருந்தது.

"உள்ள என்னடா, பீரோ சாவியா?" என்றாள் அத்தை. கூடப் பிறந்தவர் போன அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பீரோ ஞாபகம் இருந்தது.

சாவி இல்லை, செடி. கறுத்த மயிர் போன்ற வேர்கள் தொங்க, ஓர் அழுகண்ணி. அதன் இலை முழுக்கச் சிவப்பு முடி. முடிக்கு முடி ஒரு பசைத்துளி. பூச்சி உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இலை அவசரமே இல்லாமல் மடிந்து அதைக் கரைத்துக் குடித்துவிடும். ஊருக்கெல்லாம் பல்செட் செய்து கொடுத்த அப்பா, "இதுக்குப் பல்லே வேணாம் பாத்தியா" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

தொட்டி மாற்றுவதற்காகப் பிடுங்கியிருக்கிறார். புதுத்தொட்டி பாதி நிரம்பி மேசையில் இருந்தது. இலைகளில் ஒரு துளிகூட இல்லை.

"வேரைத் தொட்டா கோவிச்சுக்கும். துளி திரும்ப வர வாரக்கணக்காகும். வந்தாத்தான் பிழைச்சுதுன்னு அர்த்தம்" என்பார் அப்பா.

அவன் தொட்டியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"டேய், ஆளுங்க வர்ற நேரம்" என்றாள் அக்கா. "இப்பவா தோட்டவேலை?"

"வேர் காஞ்சா போச்சுக்கா. அவர் பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு."

அக்கா பல்செட் இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள். வேர் மடங்காமல் குழியில் இறக்கி, மணலும் பாசியும் போட்டு மூடினான். அழுத்தவில்லை. இனி தண்ணீர். குழாய்த் தண்ணீரின் உப்பு அழுகண்ணியைக் கொன்றுவிடும். மழைத்தண்ணீர்தான் வேண்டும். மேசைக்கடியில் கைவிட்டுத் துழாவினான்.

"அத்தை, இங்க இருந்த கேன் எங்க?"

"அதுலதான உங்கப்பாவ மொகம், கை, காலெல்லாம் தொடைச்சேன். குழாய்ல காத்துதான வருது. ஏன், அது என்ன தீர்த்தமா?"

கேனைக் கவிழ்த்தான். சொட்டு விழவில்லை. வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கட்டிலுக்கடியில் பேசின் கிடந்தது. அதில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர், மேலே ஒரு நரைமுடி.

வடிகட்டலாமா என்று யோசித்தான். அப்பாவை வடிகட்டுவது சரியாகப் படவில்லை. அப்படியே தொட்டியின் அடித்தட்டில் ஊற்றினான். ஈரம் போகாமலிருக்க மேலே பாலித்தீன் பை கவிழ்த்து, ரப்பர் பேண்டு மாட்டி, வெயில் படாத மூலையில் வைத்தான். வண்டி வந்துவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். கூடத்தில் இரவல் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன.

அவன் நேரே மூலைக்குப் போனான். பை உட்புறம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதற்குள் சிவப்பாக ஏதோ மினுங்கியது. குனிந்தான். முடிக்கு முடி, துளி.

வாரக்கணக்காகும் என்றாரே.

பை மெல்ல உப்பியது. கொஞ்சம் நின்று அமுங்கியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. மறுபடி உப்பியது, அமுங்கியது. அடுத்தது வருவதற்கு நேரமானது. கடைசி மாதம் அப்பாவும் இப்படித்தான், இரண்டு இழுத்துவிட்டு மூன்றாவதற்கு எல்லாரையும் காக்க வைப்பார். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வந்தது.

அக்கா எப்போது பின்னால் வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா, இல்ல எடுத்து மூடட்டுமா?" அத்தை சமையலறையிலிருந்து கத்தினாள்.

"ஷ்ஷ், மெதுவா அத்தை" என்றாள் அக்கா.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரப்பர் பேண்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டான்.