பாஸ்டர் ராஜாமணிக்கு விழுந்த அட்டை

பாஸ்டர் ராஜாமணி பிரசங்கத்தில் பாவம் என்ற சொல்லைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள் வாடகை அறைகளில் அடைந்து கிடந்த தெருவின் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுச் சபையைத் தொடங்கிய புதிதில் அவர் மனந்திரும்புதலைப் பற்றித்தான் பேசினார். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பிறகு ஒருநாள், "இந்த மாசம் உனக்கு வேலை பெர்மனென்ட்" என்று பேசிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நைட் ஷிப்ட் முடித்துக் கண்ணெரிச்சலோடு வருகிறவர்களை மேற்கொண்டு அழவைப்பானேன் என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கைவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். விழுகிற வசனம் அந்த வருடத்துக்கு அவரவருக்குக் கர்த்தர் சொல்வது. போன வருடம் லைன் சூப்பர்வைசர் நம்பிராஜன் நாலு அட்டையைப் புரட்டிப் பார்த்துச் செழிப்பான ஒன்றாகப் பொறுக்கிக்கொண்டதால், 2004-க்கு ஒவ்வோர் அட்டையையும் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டியே தரும்படி ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்தில் சொல்லியிருந்தார் பாஸ்டர்.

முதல் உறை எப்போதும் அவருக்கு. கார்ட்லெஸ் மைக்கை இடது கைக்கு மாற்றி, உறையைக் கிழித்து, உரக்க வாசிக்க வாயைத் திறந்தார். அட்டையில் இருந்தது ஒரே சொல்.

மனந்திரும்பு.

பாஸ்டர் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டார். "கர்த்தர் எங்கிட்ட ரகசியமாப் பேசியிருக்கார். அல்லேலூயா."

சபையார் நூற்று நாற்பத்தொன்பது பேரும் எடுத்தார்கள். மற்ற வருடங்களில் இந்த நேரத்தில் சந்தை இரைச்சலாக இருக்கும்; 'உனக்கென்ன, எனக்கென்ன' என்று எட்டிப் பார்ப்பார்கள். இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அட்டைகள் பர்சுக்குள்ளும் பைபிளுக்குள்ளும் போயின. நம்பிராஜன் பிரியாணிப் பொட்டலத்தைக்கூட வாங்காமல் வண்டியைக் கிளப்பினார். பாஸ்டர் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மைக் ஆகஸ்டில் ஒருமுறை காணாமல் போனது. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிக் கடைசியாகப் பூட்டுகிறவள் பக்கத்துக் காலனியின் சந்திரம்மாள். பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லவில்லை. 'தேவனுடைய வீட்டிலேயே கைவைக்கிற கை' என்று பிரசங்கித்து, அவள் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது. அவள் அதன்பிறகு வரவில்லை. மறுநாள் அவருடைய சூட்கேஸில், கோட்டுக்கு அடியில் மைக் கிடந்தது. வெளியூர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோனவர் அவரேதான். அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார். துடைத்து வைத்த மைக் பளபளத்ததைக் கண்டு யாரோ, "கர்த்தர் புது மைக் குடுத்துட்டார்" என்றார்கள். சபை கைதட்டியது. அவர் "ஆமென்" என்றார். அந்த ஓர் ஆமென் வளர்ந்து, சபைப் பத்திரிகையில் 'அற்புதமாய் வந்த மைக்' என்று படத்தோடு நின்றது. காலனியில் சந்திரம்மாளுக்கு 'மைக்கு' என்றே பெயராகிவிட்டது.

"என்ன வசனம் விழுந்துச்சு உங்களுக்கு? வாயே தொறக்க மாட்டேங்கிய" என்றாள் மனைவி ஜெபக்கனி.

"ஒனக்கு என்ன விழுந்துச்சு?"

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் அவள்.

அந்த வாரம் ஊரே ஒரு தினுசாக இருந்தது. தன் தவறால் ரிஜெக்ட் ஆன பாகங்களை ஆபரேட்டர் முப்பிடாதியின் பெயரில் எழுதியிருந்த நம்பிராஜன், லைன் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டாராம். ஒரே அறையில் ஒரு வருடமாகப் பேசாமல் தனித்தனி ஸ்டவ் வைத்திருந்த இரண்டு பேர் சேர்ந்து குழம்பு வைத்தார்களாம். நல்ல வசனம் விழுந்தவர்கள் நல்லது செய்கிறார்கள் என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார். பொறாமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை துணிந்து சந்திரம்மாள் வீட்டுக்குப் போனார். வாசலில் ஆடு கட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவர், ஆட்டின் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

"ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல பாஸ்டரே. நல்லாத்தான் கீது" என்றாள் சந்திரம்மாள்.

"நல்லது" என்று சொல்லித் திரும்பினார்.

சனிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வியாழனன்று அச்சகம் போனபோது, அச்சகக்காரர் சிவசங்கர் தாமாகவே ஆரம்பித்தார். "அட்டை புட்ச்சிருந்துச்சா சார்? எல்லாமே ஒரே மேட்டருன்றதால நீட்டா வந்துச்சு."

"ஒரே மேட்டரா?"

"நீங்கோதான் ஒரு பழைய அட்டை குடுத்து, அச்சு அசலா இதே மாதிரி நூத்தியம்பதுன்னீங்கோ."

"அது அளவுக்குக் குடுத்தது, தம்பி. வசனமெல்லாம் லிஸ்ட் எழுதி அதே கவர்ல வச்சிருந்தேனே."

சிவசங்கர் கவரைத் தேடி எடுத்து உதறினார். லிஸ்ட் விழுந்தது. "காலண்டர் சீசன் சார், கவருக்குள்ள யாரு பாக்குறா. கோச்சிக்காதீங்கோ. லிஸ்ட்டுல கீறத இன்னிக்கே ஓசில அடிச்சுத் தரேன்."

மனந்திரும்புதலைப் பேசிய நாட்களின் அந்தப் பழைய அட்டை பாஸ்டரின் பைபிளில் பல வருடமாகப் பக்க அடையாளமாகக் கிடந்தது. அச்சகத்துக்குக் கொடுத்தபோதும் அவர் ஓரத்திலிருந்த தங்க வரியைத்தான் பார்த்தார். நடுவிலிருந்த எழுத்தைப் பார்க்கவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. பேசியது கர்த்தர் அல்ல, சிவசங்கர். ஒரு அறிவிப்பு செய்தால் தீர்ந்தது. சாயங்காலம் புது உறைகளைப் பையில் வைத்துக்கொண்டு விசிலடித்தபடி வண்டியை எடுத்தவருக்கு, சுங்குவார்சத்திரம் போகும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் விசில் நின்றுபோயிற்று. நூற்று நாற்பத்தொன்பது பேர். அதில் ஒருவர்கூட, 'இது வேறு யாருக்கோ வரவேண்டியது, மாறி வந்துவிட்டது' என்று அவரிடம் வந்து நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கென்றே வந்ததாக எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள். ஆட்டுக்கு ஜெபம் பண்ணியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் ஜெபக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னார், மைக் உட்பட. அவள் பைபிளிலிருந்து தன் அட்டையை எடுத்துக் காட்டினாள். "சூட்கேசைத் தொறந்து மைக்கைத் தொடச்சு வச்சது நாந்தானே. நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லலை. நானும் சொல்லலை."

"நாளைக்குப் போவோமா?"

"இப்பவே போவோம். நாளைக்குன்னா நீங்க ஆட்டுக்கு ஜெபம் பண்ணுவிய."

சந்திரம்மாள் கேன்டீனில் தட்டு கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பாஸ்டர் நின்றபடியே சொன்னார். "மைக் எம் பெட்டியிலதான் இருந்துச்சும்மா. மறுநாளே தெரியும். என்னை மன்னிச்சிரு."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"ஷாக் அடிக்குமுன்னு அந்த மைக்க நான் தொட்டதே இல்ல பாஸ்டரே. தொடப்பத்தாலகூட." புடவையை விட்டுவிட்டு, "எங்கிட்ட வந்து சொல்லி இன்னா புண்ணியம்? எனக்குத்தான் முன்னயே தெரியுமே. ஊரு முன்னால சொன்னியே, அந்த மைக்குலயே சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கோட்டுப் போடவில்லை. கீபோர்டையும் நிறுத்தச் சொன்னார். தமக்கு விழுந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, மைக்கின் கதையை ஆகஸ்டிலிருந்து ஒன்று விடாமல் அந்த மைக்கிலேயே சொன்னார். புது மைக் ஏதும் வரவில்லை என்றார். திருடியது சந்திரம்மாள் அல்ல, அவளுடைய பெயரைத் திருடியவன் நான்தான் என்றார். ஆறு வருடமாக உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை அச்சகக்காரர் சொல்லிவிட்டார் என்று, அச்சில் நடந்த தவறையும் சொல்லி முடித்தார். யாரும் கைதட்டவில்லை.

மெல்ல ஒவ்வொரு பையிலிருந்தும் அட்டைகள் வெளியே வந்தன. பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "ஒனக்குமால?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

முப்பிடாதி திரும்பி நம்பிராஜனைப் பார்த்தான். "அண்ணாச்சி, அப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேட்டது அச்சகத்துக்காரன் தப்பால்லா? வாபஸ் வாங்கிருவியளோ?"

நம்பிராஜன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டது கேட்டதுதாம்டே. இருந்துட்டுப் போகட்டும்."

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்த சந்திரம்மாள், அதற்குப் பிறகுதான் கழற்றினாள். ஜெபக்கனி புது உறைகளைத் தட்டில் கொட்டி, முதலில் அவளிடம் நீட்டினாள். சந்திரம்மாள் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

"அந்தப் பழசுலயும் ஒண்ணு குடு பாஸ்டரே."

"அது உனக்கு எதுக்கும்மா?"

"ஏன், உங்களுக்குத்தான் பாவம் கீதா, எங்களுக்கு இல்லியா? மைக்க நான் எடுக்கல. ஆனா இந்த நாலஞ்சு மாசமா உன்னிய நான் திட்டாத திட்டு கிடையாது."

பாஸ்டரின் கை சட்டைப் பைவரை போய் நின்றது. அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜெபக்கனி சிரித்தபடி தன் பைபிளைத் திறந்து, தன் அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.