அழுக்குப் படாத ஃபில்டர்

எங்கள் மரப் பட்டறையில் ஒரு ஃபில்டர் மெஷின் இருக்கிறது. பறக்கிற மரத்தூளை இழுத்துப் பிடிப்பதற்காகக் கூரையில் மாட்டியது. ஏழு மாதமாக ஓடியும் அதில் பொட்டுத் தூசி கிடையாது. முதலாளிக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர்களையெல்லாம் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வார்.

"பாத்தீங்களா? வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. மெயின்டனன்ஸ்னா இதான்!"

வந்தவர்கள் தும்மிக்கொண்டே தலையாட்டுவார்கள்.

அதை வாங்க வைக்க நான் பட்டது நாய் படாத பாடு. எனக்காகக் கேட்கவில்லை. என் தங்கை வீட்டுக்காரருக்கு இங்கே கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. அவர் இருமினால் ரம்பம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்காது. இன்னும் ஒரு வருஷம் இந்தத் தூசியில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மெஷின் வந்த பிறகும் இருமல் குறைந்தபாடில்லை. போன வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ஏணி போட்டு ஏறினேன். அடக் கண்றாவியே! மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது, ஃபில்டரைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. கடையிலிருந்து வந்தபோது போட்டிருந்த அதே உறை. இழுக்கிறது எங்கே, பிடிக்கிறது எங்கே!

உருவி எறிந்தேன். ஒரு மணி நேரத்தில் ஃபில்டரின் வெள்ளைத் துணி பழுப்பாகிவிட்டது. ஒரு முழுக் கதவை மாப்பிள்ளை இருமாமல் தேய்த்து முடித்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி வந்தார். அண்ணாந்தார். பெற்ற பிள்ளை கிணற்றில் விழுந்தது போல அலறினார்.

"யார்ரா உறையக் கழட்டுனது? கழட்டக் கூடாதுன்னு மாட்டுறப்பவே சொன்னேன்ல? புது ஃபில்டர நாசம் பண்ணிட்டீங்களே!"

"தூசி புடிக்கத்தானே முதலாளி அது?"

"அதுக்காக இப்படியா? நாளைக்குப் பெரிய பார்ட்டி பாக்க வருது. தொடச்சிட்டு உறையப் போடு!"

"போட மாட்டேன். அத மூடினா இவரு நெஞ்சுதான் ஃபில்டரு. அதக் கழட்டித் தட்டி மாட்டுவீங்களா?"

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பினால், மாப்பிள்ளை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

"விடுங்க மச்சான், எதுக்கு வம்பு? அவரு ஆசையா வாங்குன பொருளு. அவரு சொல்றதும் நியாயந்தானே?"

நியாயமாம் நியாயம்! பளாரென்று ஒன்று விடலாம் போல ஆத்திரம் வந்தது. அதற்குள் மூன்றாவது படியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஏணி ஆடியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடிப்போய், அவர் உறையை மாட்டி முடித்து இறங்குகிற வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.